உவரிக்கு விசாரிக்கப் போனது

1

குடியேற்ற அலுவலகத்துக்குப் படம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அந்தப் பேரணிக்குப் போனோம். மெல்போர்னுக்கு வந்து இருபத்தோரு வருடமாகிறது. கோடைதோறும் கடற்கரைச் சாலையில் வானவில் கொடிகளோடு நடக்கும் அந்த ஊர்வலத்தை நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் போகும் டிராமில்கூட ஏறமாட்டேன்.

ஜெரோம் என் துணைவன். உவரிக்காரன். நான் பாளையங்கோட்டை. நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுடைய மாணவர் விசா முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இந்த நாட்டுக் குடிமகன் என்பதால் இணையர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் உறவு உண்மையானது என்று அலுவலகம் நம்பும்படி நாங்கள் ஆதாரம் காட்ட வேண்டும். அவர்கள் தந்த பட்டியலில் படங்களும் இருந்தன: நண்பர்களோடு, குடும்பத்தோடு, விழாக்களில். வீட்டில் தேடிப் பார்த்தோம். நான்கு வருடத்தில் பதினொரு படங்கள். ஒன்றில்கூட இரண்டு பேரும் சேர்ந்து இல்லை. ஒருவர் எடுக்க, மற்றவர் நின்றிருக்கிறோம். எங்களைச் சேர்த்து எடுக்க மூன்றாவது ஆள் என்று ஒருவர் பக்கத்தில் இருந்ததே இல்லை. கையை நீட்டித் தாங்களே எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நான் சம்மதித்ததில்லை. ஒருவர் போனுக்குள் போன படம் அங்கிருந்து எங்கே போகும் என்று யார் கண்டது?

பேரணிக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனேன்.

“என்ன வே, களவாங்கப் போற மாதிரி வந்திருக்கீரு?” என்றான் ஜெரோம். “தொப்பியக் கழட்டும். ஆபீஸ்காரனுக்கு உம்ம மொகம் தெரியாண்டாமா?”

கழற்றினேன். கழற்றியதும் கூட்டத்தைத் துழாவ ஆரம்பித்தேன். தமிழ் முகம் என்றால் எவ்வளவு கூட்டத்திலும் எனக்குத் தெரிந்துவிடும். இருபது வருடப் பயிற்சி அது. வங்கியின் பெயர் அச்சடித்த சட்டைகளோடு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டு போனது. நாளைக்கு அலுவலகத்தில் இவர்கள் இப்படித்தான் இருப்பார்களா என்று நினைத்தேன். சாலையோரத்தில் நின்று கைதட்டும் குடும்பங்களைப் பார்த்தேன். இவர்களில் எத்தனை பேர் தங்கள் மகன் வந்து சொன்னாலும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். தமிழெழுத்தில் பதாகை பிடித்துக்கொண்டு ஏழெட்டு இளைஞர்கள் வந்தார்கள். மற்ற எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் பயந்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றேன்.

எழுபது வயதைத் தாண்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கத்தில் வந்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில், மற்றவர் தள்ளிக்கொண்டு. நாங்கள் மாறி மாறிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொண்டு வந்தவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். “இன்னும் நெருக்கமாக” என்றார். ஜெரோம் என் தோளில் கை போட்டான். எங்கள் முதல் படம் அது. அதில் நான் சிரிக்கவில்லை.

அப்போது ஜெரோமின் போன் அடித்தது. “இந்தா வாரேன்” என்று ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் போனான். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போனேன். போனில் ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

“எப்பா, எப்ப வருவிய?”

“வாரேன் மக்கா, பைய வாரேன்” என்றான். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திப் போனை அணைத்தான்.

“யாருலே அது?”

“அண்ணன் மவ.”

அண்ணன் மகள் என்றால் சித்தப்பா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ‘சித்த’ என்ற முன்பாதி என் காதில் விழவில்லை. மேளச் சத்தத்தில் விழாமல் போயிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகப் பிராணி. பிறவியிலேயே அப்படி இல்லை. கல்லூரி இரண்டாம் வருடத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருவன் சிநேகமானான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. மூன்று வாரம் டீக்கடையில் பேசிவிட்டு, நான்காவது வாரம் ஒரு அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். என் கைக்கடிகாரத்தையும் கல்லூரி அடையாள அட்டையையும் பிடுங்கிக்கொண்டு, “ஒங்க அப்பா சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்லதான இருக்காரு?” என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை அப்பா அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைக்குத் தெரிந்திருக்குமோ, இன்றைக்குத் தெரிந்திருக்குமோ என்று. அது தெரியாமலே அவர் இறந்துபோனார். சட்டம் மாறிவிட்டது என்று ஊரிலிருந்து நண்பர்கள் சொல்கிறார்கள். என் கண் மாறவில்லை.

ஜெரோமைச் சந்தித்தது ஒரு இந்திய மளிகைக் கடையில். “அண்ணாச்சி, இங்கன நல்ல கருவாடு எங்க கெடைக்கும்?” என்றான். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் நெல்லைக்காரன் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டேன். “புளிய மோந்து பாத்துல்லா எடுக்கிய” என்றான். ஆறு மாதம் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தன்னைப் பற்றிச் சொன்னான். நானும் சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணாச்சி போய், நெருக்கமானவர்கள் சொல்லும் ‘வே’ வந்தது.

அவனுக்கு முப்பத்தாறு, எனக்கு நாற்பத்தேழு. அவனுக்கு விசா வேண்டும், என்னிடம் குடியுரிமை இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் ‘முந்தைய திருமணங்கள்’ என்று ஒரு பக்கம் வந்தபோது, “அத நான் நெறப்பிக்கிடுதேன்” என்று அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டது நினைவில் இருந்தது. பேரணியிலிருந்து திரும்பியதும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இல்லை என்று நிரப்பியிருந்தான்.

3

அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போனேன். இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் உறவு உண்மையானதுதான் என்று குடும்பத்தில் ஒருவர் எழுதித்தர வேண்டும். எனக்கு இருப்பது கோமதி அக்கா ஒருத்திதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பாளையில் இருக்கிறாள். அத்தான் காலமாகி ஆறு வருடம்.

குறுக்குத்துறையில் திதி முடிந்தது. ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. அக்கா படியில் உட்கார்ந்து என் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் பிழிவதை நிறுத்தினாள். “அப்ப லிண்டா?”

லிண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதில் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரி ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருடம் கழித்து, அவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்றேன். அதற்குப் பிறகு மறுமணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

“லிண்டா இல்ல அக்கா.”

“இல்லன்னா? செத்துட்டாளா?”

“இருந்ததே இல்ல.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “ஏலே, அவ திரும்பி வரணும்னு நெல்லையப்பர் கோயில்ல ஒரு வருசம் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வெளக்கு போட்டேம்லா! பட்டுச் சேல குடுத்து விட்டேனே, அத யாரு கட்டுனா?”

“ஆபீஸ்ல ஒருத்திக்குக் குடுத்துட்டேன்.”

“இத்தன வருசம் இல்லாத ஒருத்திக்கு நாத்தனாரா இருந்திருக்கேன்” என்றாள். வேட்டியை உதறிக் கைப்பிடிச் சுவரில் போட்டாள். பிறகு, “அந்தப் பையன் எந்த ஊரு?” என்று கேட்டாள்.

“உவரி.”

“கடக்கரையா?”

ஆண் என்பதைத் தாங்கிக்கொண்ட முகம் மீனவர் கடற்கரை என்றதும் சுருங்கியது. எனக்குக் கோபம் வந்தது. அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. “வயசு என்ன? மூத்தவனா எளையவனா? கல்யாணம் ஆகாதவன்னு உனக்கு நல்லாத் தெரியுமா?”

“முப்பத்தாறு. கல்யாணம் ஆகலன்னுதான் சொல்லுதான்.”

“அவன் சொல்லுதது இருக்கட்டும், நீ விசாரிச்சியா?” என்றாள். “பொண்ணு குடுக்கதுன்னாலும் எடுக்கதுன்னாலும் நாலு எடத்துல விசாரிக்கோம். முப்பத்தாறு வயசு வரைக்கும் எந்தத் தாய் சும்மா விட்டிருக்கா?”

எனக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே கேள்வி. அக்கா வாயிலிருந்து வந்ததும் அதற்கு ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது.

4

மறுநாள் பாளை கோர்ட்டுக்கு எதிரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். மெல்போர்னிலேயே ஆங்கிலத்தில் எழுதி எடுத்து வந்திருந்த தாளில் அக்கா கையெழுத்துப் போட்டதும் அதை அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு படித்தார்.

“பார்ட்னர்னு போட்டிருக்கே. என்ன பிசினஸ் அண்ணாச்சி?”

அந்தச் சின்ன அறையில் இன்னும் நான்கு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“வீட்டுத் தொழில்தான்” என்றாள் அக்கா. “சீல வைங்க சார், பஸ்ஸுக்கு நேரமாவுது.”

வக்கீல் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் படித்தார். இரண்டாவது தடவை படித்தபோது அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் முத்திரையை ஊன்றிக் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வேப்ப மர நிழலில் அக்கா நின்றாள். “இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? இந்த உறவு உண்மையானதுன்னு எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கு. எனக்கு என்ன தெரியும்? முப்பத்தி மூணு வருசம் பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதன்னு சொல்லிக்குடுத்தவ நான். என்னப் பொய்க் கையெழுத்து போட்டவளா ஆக்கிராத. தாளு எங்கிட்ட இருக்கட்டும், இன்னைக்கே போயி விசாரி.”

அப்படித்தான் நான் உவரிக்குப் போனேன். அக்கா சொல்லித்தான் போனேன் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது. அவள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். ஜெரோமின் அம்மாவிடமிருந்து வந்த கூரியர் உறை ஒன்றிலிருந்து வீட்டு முகவரியை மெல்போர்னிலேயே குறித்து வைத்திருந்தேன்.

5

திசையன்விளையில் பஸ் மாறி உவரியில் இறங்கும்போது மணி மூன்று. படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. முகவரியைச் சொன்னதும் ஒரு கிழவர் கையை நீட்டி, “ஜெரோம் வீடா? அந்தப் பச்ச கதவு. அவம் பொண்டாட்டி இருப்பா, போங்க” என்றார்.

விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கால்கள் பச்சைக் கதவை நோக்கிப் போயின.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். திசையன்விளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பக்கத்து வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் திரும்பி, உரத்த குரலில், “எங்க வீட்டுக்காரரு கூட வேல பாக்குற அண்ணாச்சி. ஆஸ்திரேலியால இருந்து வந்திருக்காவ” என்றாள். என்னை உள்ளே அழைத்துக் கதவை ஒருக்களித்தாள்.

“நீங்க சங்கர்தான?”

தலையாட்டினேன்.

“போட்டோல தாடி இருந்துச்சி” என்றாள். “நான் சகாயராணி. அத்த கோயிலுக்குப் போயிருக்காவ. உக்காருங்க.”

அவளுக்கு என் பெயர் தெரியும், முகம் தெரியும், தாடி எடுத்ததுகூடத் தெரிகிறது. அவள் ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு விசாரிக்க வந்தவன் நான்.

“எதுக்கு வந்திய?” என்றாள். அவள் உட்காரவில்லை. “பிள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கா?”

“எந்தப் பிள்ள?”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அப்ப ஒங்ககிட்ட அவன் ஒண்ணுமே சொல்லலயா?”

அதுவரை வெளியே வீட்டுக்காரராக இருந்தவர், கதவை ஒருக்களித்ததும் ‘அவன்’ ஆகியிருந்தார்.

மெதுவாகத்தான் சொன்னாள். கல்யாணம் நடந்து ஒன்பது வருடம். கல்யாணமான மூன்றாவது மாதம் ஜெரோம் அவளிடம் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டான். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் குடிக்கிறான் போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் அவன் முகத்தில் முழிக்கவில்லை. அவன் படிக்கப் போன பிறகுதான், மாமியார் தனியாக இருக்கிறாள் என்று, இந்த வீட்டுக்கு வந்தாள்.

“கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம். சொல்லல. அதுக்கு நான் இன்னும் மன்னிக்கல” என்றாள். “ஆனா அதுக்குப் பெறவு எங்கிட்ட ஒண்ணும் மறைக்கல. ஒங்களப் பாத்தத சொன்னான். ஒங்க வீட்டுக்குக் குடி வந்தத சொன்னான். எங்கிட்ட சொன்னவன் ஒங்ககிட்ட ஏன் மறைச்சான்?”

“விசாவுக்காக இருக்கும்” என்றேன்.

“இருக்கும்” என்றாள். மறுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“நீங்க ஏன் விலகிக்கிடல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எங்கன விலக? எங்க கோயில்ல இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு எழுதி வாங்கணும்னா காரணம் சொல்லணும். கோர்ட்டுலயும் சொல்லணும். சொன்னா இந்தத் தெருவுல எம்மவ பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவ முடியுமா? நீங்க ரெண்டு பேரும் அங்கன கொடி பிடிச்சிட்டு நடந்தியளாமே. போட்டோ அனுப்பியிருந்தான். நான் இங்கன வெளிநாட்டுக்காரன் பொண்டாட்டின்னு நடக்கேன்.”

விண்ணப்பத்தில் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்பதைச் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும், திருத்தினால் அவள் பெயரும் வரும் என்றேன்.

“இங்க யாருக்கும் கடுதாசி வருமா?”

“வராதுன்னு நெனைக்கேன். உறுதியாச் சொல்ல முடியல.”

சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் ஜெரோம் கோட்டு போட்டு நின்றான். நானும் அவனும் எடுத்த படத்தில் நான் நின்ற அதே விறைப்போடு நின்றான்.

“எழுதுங்க” என்றாள். “பொய்யின்னு கண்டுபிடிச்சி அவனத் திருப்பி அனுப்பிட்டா, இந்த வீட்டுக்குத்தான் வருவான். புருசனா வருவான். எனக்கு அது வேண்டாம். எத்தன வருசமா சேர்ந்து இல்லன்னு நானே எழுதித் தாரேன். இங்க வச்சி எழுத மாட்டேன். பாளைக்கு வாரேன்.”

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். எட்டு வயது. ஜெரோமின் நெற்றி, ஜெரோமின் காது. பெயர் அனிஷா. பையை இறக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா கூட இருக்கிற மாமா” என்றாள் சகாயராணி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“எங்க அப்பா எப்ப வருவாவ?” என்று கேட்டது பிள்ளை.

சகாயராணியைப் பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விசா வந்ததும் வருவாவ மக்கா” என்றேன்.

6

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடற்கரையில் நின்று ஜெரோமைக் கூப்பிட்டேன். “உவரியில நிக்கேன்” என்றேன்.

மறுபக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்குப் போனீரா?”

“போனேன். அனிஷாவப் பாத்தேன்.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே வே.”

“கேட்டேன். அண்ணன் மவன்னு சொன்ன.”

“ஆமா, சொன்னேன்.” மூச்சை இழுத்தான். “கல்யாணம் ஆனவன், பிள்ள இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீரு?”

“கதவச் சாத்தியிருப்பேன்.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“நாலு வருசம் இருந்துதுலே. நாலு வருசத்துல ஒரு நாளு சொல்லியிருக்கலாம்.”

“ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் இருந்தேன். நாள் போகப் போகப் பயம் கூடிட்டே போச்சி. நீரும்தான ஒம்ம அக்காட்ட லிண்டான்னு சொல்லி வச்சிருந்தீரு. நீரு இல்லாத பொண்டாட்டிய இருக்கான்னு சொன்னீரு. நான் இருக்கிறவள இல்லன்னு சொன்னேன்.”

கோபத்தில் இருந்தபோதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன்” என்றேன். “விசாவுக்காகத்தானா?”

“விசாவும் வேணும். நீரும் வேணும். ரெண்டயும் எப்படிப் பிரிச்சிக் காட்ட? எனக்கே பிரியல வே.”

நான் போனை அணைத்தேன். வந்த பஸ்ஸில் ஏறினேன். நாங்குநேரி வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தேன்.

மூன்றாம் நாள் சகாயராணி பாளைக்கு வந்தாள். அக்கா அவளைப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். இருவரும் அடுக்களையில் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அக்கா சொல்லவில்லை. சகாயராணி அதே நோட்டரியிடம் போகாமல் வேறொருவரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவள் போன பிறகு அக்கா தன் கையெழுத்துத் தாளை என்னிடம் எடுத்துத் தந்தாள்.

“இதையும் வச்சிக்க. அந்தப் பிள்ள இவ்வளவு செய்யும்போது நான் பின்வாங்குனா நல்லாருக்காது” என்றாள். பிறகு, “ஆனா ஒன்ன நம்பித்தான் போட்டேன். அவன நம்பி இல்ல” என்றாள்.

7

மெல்போர்னுக்குத் திரும்பியதும் திருத்திய பக்கத்தை அனுப்பினோம். ஜெரோம் உட்கார்ந்து எழுதினான், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் நாங்கள் பேசியதெல்லாம் காகிதங்களைப் பற்றித்தான்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தனித்தனி அறை. ஜெரோம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தான். என்னைப் பற்றிப் பேசும்போது ‘என் வீட்டுக்காரர்’ என்றிருக்கிறான். அந்த மொழிபெயர்ப்பாளர் அதை வீட்டுச் சொந்தக்காரர் என்று மாற்றிவிட்டார். அலுவலகத்துக்கு அது ஒன்று போதாதா? வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்டுக் கடிதம் வந்தது. குடித்தனக்காரனும் வீட்டுக்காரனும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். எழுதும்போது, அந்த அறையில் என்னை அவன் அப்படிச் சொன்னான் என்பது திரும்பத் திரும்ப மனதில் வந்தது. வீட்டில் என்னை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அதிகாரி முன்னால் சொன்னால் நல்லது என்று சொன்னானோ என்றும் தோன்றியது.

என்னை விசாரித்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். உங்கள் இணையருக்குத் திருமணமானது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் அவர் ஊருக்குப் போய்த் துப்பறிந்தீர்களா என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகும் ஏன் இந்த விண்ணப்பத்தை ஆதரிக்கிறீர்கள் என்றாள். நல்ல பதில் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. “அவரை முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல முடியாது. அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது” என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் விசா கிடைத்த செய்தி வந்தது. ஜெரோம் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தான். போன் செய்தேன். “சரி வே” என்றான், அவ்வளவுதான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

வழக்கமாக நாலரைக்கு வந்துவிடுவான். ஐந்தரை ஆனது. டிசம்பர் மாதம், இங்கே கோடைகாலம், வெளியே நல்ல வெயில். இனி அவனுக்குச் சட்டப்படி நான் தேவையில்லை என்ற நினைப்பு ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்கப் பரவிவிட்டது. படுக்கையறைக்குப் போய் அவனுடைய அலமாரியைத் திறந்தேன். சட்டைகள் இருந்தன. பெட்டி இருந்தது. பாஸ்போர்ட் எப்போதும் இருக்கும் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அதுவும் இருந்தது. நான் அந்த இழுப்பறைக்கு முன்னால் நிற்கும்போதே பின்னால் அவன் வந்து நின்றான். வாசல் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

“டிக்கெட் போட்டுட்டு வாரேன்” என்றான். “அனிஷாவுக்குக் கிறிஸ்துமஸ் லீவு வருது. மூணு வாரம் போயிட்டு வாரேன்.”

“சரி.”

திறந்து கிடந்த அலமாரியையும் இழுப்பறையையும் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்ளப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, அதை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினான்.

“விட்டுட்டுப் போறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போவேன் வே.”

“இந்தத் தடவ சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“ரெண்டு டிக்கெட்டா போட்ட?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். “ஒண்ணுதான். நீரும் வந்தா உவரியில எங்கன தங்குவீரு?”

“அக்கா வீட்டுல இருந்துக்கிடுதேன். ஞாயித்துக்கிழம அனிஷாவக் கூட்டிட்டு நீ பாளைக்கு வா.”

“உம்ம அக்கா என்னய உள்ள விடுவாவளா?”

“தெரியல” என்றேன். “கேட்டுப் பாப்போம்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றாமலே போனை எடுத்து இன்னொரு டிக்கெட் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் திரும்பி வரும் தேதியைச் சரியாகத்தான் போடுகிறானா என்று திரையைப் பார்த்தேன். அவன் அதைக் கவனித்தான். போனை எனக்கும் தெரியும்படி நடுவில் பிடித்துக்கொண்டான்.